பின்சீட்டுக்குச் சொன்ன கடல்

டிசம்பர் 14, சனி. அலிபாக்

சைக்கிள் உடையாமல் வந்து சேர்ந்துவிட்டது. திருநெல்வேலி பார்சல் ஆபீஸ்காரர் அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு, "இது சைக்கிளா, கட்டிலா?" என்று கேட்டார். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், திருப்புவதற்கு ஒரே ஹேண்டில். முன்சீட்டில் நான், பின்சீட்டில் கோமதி அக்கா. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. மின்வாரிய ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாள். நான் பாளையங்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் பதினைந்து நாள் லீவு.

எங்கள் ரெட்டைச் சவாரிக் குழுவில் எல்லா ஜோடியும் எங்களைப் போலத்தான், கண் தெரிகிற முன்சீட்டுக்காரரைக் கேப்டன் என்பார்கள். பெயர்தான் பெரிய பெயர், வேலை என்னவோ வாய் வலிக்கப் பேசுவதுதான். குழி, மேடு, பிரேக், வளைவு, எதிரே லாரி என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். முன்னால் இருப்பவர் பார்ப்பதெல்லாம் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். குழுவில் வேறு சட்டமே கிடையாது.

கொங்கண் கடற்கரை ஓரமாகவே தெற்கே கோவா வரை போகிறோம். பாறை முனை, மாந்தோப்பு, படகுத்துறை, மறுபடி பாறை முனை என்று வழி முழுக்க ஏற்ற இறக்கம்தான். ஓரிடத்திலும் வேறு வண்டியில் ஏறக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. தினமும் சாயங்காலம் அன்றைக்குப் போன வழியை அவளே போனில் பேசிப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்புவாள். அடுத்த வருஷம் எட்டு ஜோடி இந்த வழியில் வரப்போகிறார்கள், அவள் சொல்வதைக் கேட்டுத்தான் வருவார்கள்.

முதல் நாளே திட்டு வாங்கினேன்.

"ஏல இசக்கி, காலையிலேருந்து மரம் மரம்னுட்டு வார. என்ன மரம்ல?"

"தெரியலக்கா. பச்சையா இருக்கு."

"பச்சைன்னா எனக்கு என்னத்தல தெரியும்? கடலாவது எப்படி இருக்குன்னு சொல்லு."

"கடல் இருக்குக்கா. பெருசா இருக்கு."

"நல்ல கேப்டனைப் பிடிச்சேன் போ," என்றாள்.

டிசம்பர் 15, ஞாயிறு. முருட்

உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா பக்கத்து அறை ஆட்களிடம் அரட்டை அடிக்கிறாள்.

டிசம்பர் 16, திங்கள்

இன்று ஒரு இறக்கம். நாங்கள் இருவர், பைகள், சைக்கிள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன மாட்டு வண்டியின் பாரம் இருக்கும். இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடி என்று தினமும் பையன்களிடம் கத்துகிறவன் நான். அந்த நானே இறுக்கிப் பிடித்தபடி இறங்கினேன். பிரேக் சூடேறி வழுக்க ஆரம்பித்துவிட்டது. வளைவில் சைக்கிள் திரும்பவில்லை. நேராகப் போய் ஓரத்துச் சரளையில் இழுத்துக்கொண்டு நின்றது. முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆடு படுக்கிற அளவுக்குப் புல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாறை, கீழே தண்ணீர்.

அக்கா பின்னால் சிரித்தாள். "என்னல, பிரமாதமா பிரேக் போட்ட?"

"மாடுக்கா. குறுக்க வந்துட்டு."

"ஐயோ, அடிபட்டுட்டா?"

"இல்ல, தப்பிச்சுட்டு."

"கன்னு இருந்துதா கூட?"

"ஆமா. கன்னும் இருந்துது."

சாயங்காலம் பிரேக் கட்டைகளை மாற்றினேன். ஸ்பேனர் இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்சீட்டில் இருப்பவருக்குப் பயம் வந்தால் உடம்பு இறுகிவிடும், சைக்கிள் ஆடும். குழுவில் இதைப் பாடமாகவே சொல்லிக் கொடுப்பார்கள். எனவே சொல்லாமல் இருப்பது அவள் நல்லதுக்குத்தான்.

அக்காவுக்கு ஜலதோஷம். விடாமல் தும்முகிறாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் ஃபெரியில் ஒரு முகத்துவாரத்தைக் கடந்தோம். மீன்காரிகள் அக்காவைத் தங்கள் கூடைமேல் உட்காரவைத்துக்கொண்டார்கள். பாஷை தெரியாமலே இரண்டு தரப்பும் சிரித்து ஓய்ந்தன.

நாளைக்கு அம்போளே. அக்கா இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அதற்காகத்தான். பாறை விளிம்பிலேயே ஏறி, விளிம்பிலேயே இறங்குகிற ரோடு. சைக்கிள்காரர்களின் வழிகாட்டிகளில் அதற்கு நேரே 'அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும். போன வருஷம் ஒரு கூட்டத்தில் யாரோ, "உங்களை மாதிரி ஆட்களுக்கு அந்த வழி சரிப்படாது, உள் ரோட்டில் போங்கள்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து அவளுக்கு அம்போளே, அம்போளே என்று இதே பேச்சு.

"நாளைக்கு இறங்கிட்டு நான் ஒரு ரெக்கார்டிங் போடுதேன் பாரு," என்றாள். மூக்கடைப்பில் அது 'ரெக்கார்டிக்' என்று கேட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு டீ குடிக்கப் போனேன். கடைக்காரரிடம் உள் ரோடு எப்படி இருக்கும் என்று சும்மா விசாரித்தேன். அகலமாக, நன்றாக இருக்கும் என்றார். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்.

டிசம்பர் 18, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஊரைத் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரிந்தது. வலதுபக்கம் அம்போளே, இடதுபக்கம் உள் ரோடு. நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. கை இடதுபக்கம் திரும்பிவிட்டது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

"இது அம்போளே ரோடுதானல?"

"ஆமாக்கா."

கொஞ்ச தூரம் மிதித்தோம். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. செம்பாறாங்கல் வேலி, ஒரு பள்ளிக்கூடம், சாணம் தட்டிக் காயவைத்த சுவர்.

"கடல் வந்துட்டா?"

"வந்துட்டு. வலதுபக்கம்."

"சத்தமே இல்ல?"

"அவ்வளவு உயரத்துல போறோம்க்கா. அலை மோதுறது இங்க கேக்காது."

"எப்படி இருக்கு?"

பெருசா இருக்கு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் இல்லாத ஒன்றைச் சொல்லும்போது அவ்வளவு சின்னதாகச் சொல்ல வாய் வரவில்லை. "சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுப் பாய் உதறுவோம்லா. உன் கையிலேருந்து என் கைக்கு ஒரு சுருக்கம் ஓடி வரும்லா. கடல் அந்த மாதிரி இருக்குக்கா. பாயை உதறிக்கிட்டே இருக்காங்க, நிறுத்தவே இல்ல," என்றேன்.

அக்கா பெடலை மிதிப்பதையே விட்டுவிட்டாள். முழு பாரமும் என் காலில் இறங்கியது. "ஏல!" என்றாள். "இத்தனை நாளா ஏன்ல இப்படிச் சொல்லல?"

அதற்கப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. படகுகள் முறத்திலிருந்து சிந்திய உளுந்து மாதிரி அங்கங்கே கிடக்கின்றன என்றேன். பாறை, வெட்டுப்பட்ட ரொட்டி மாதிரி செங்குத்தாக நிற்கிறது என்றேன். ஒரு கழுகு நம் காலுக்குக் கீழே பறக்கிறது, அதன் முதுகு தெரிகிறது என்றேன். எதிரே லாரி லாரியாக வந்தபோது மீன் ஏற்றப் போகின்றன என்றேன். அவளுக்கு மூக்கடைப்பு, மாம்பூ வாசனைகூடத் தெரியவில்லை. காற்று வேறு எனக்குச் சாதகமாகச் சரியாக வலதுபக்கத்திலிருந்தே வந்தது. உண்மையான கடலைப் பார்த்துக்கொண்டு நாலு நாளாகத் திக்கிய வாய், மாந்தோப்புக்கு நடுவில் இப்படிப் பொழிந்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மத்தியானம் உள் ரோட்டில் ஒரு இறக்கம் வந்தது. நீளமாக, அகலமாக, குழந்தைகூட இறங்கிவிடும்படி. அக்கா கையைத் தூக்கிக்கொண்டு கூவினாள்.

சாயங்காலம் அவள் பதிவு செய்தபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அம்போளே இறக்கத்தைப் பத்திப் பயமுறுத்துவாங்க. நம்பாதீங்க. வளைவெல்லாம் அகலமா, மெத்தை மாதிரி இருக்கு. கடைசில ரோடு நேராயிரும். அங்க பிரேக்கை விட்டுட்டுக் காத்து வாங்கிட்டுப் போங்க. நான் அப்படித்தான் இறங்குனேன்."

அனுப்பும் முன்னால், "சரியாத்தானல சொல்லிருக்கேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருக்குக்கா," என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

ஓய்வு நாள். துணி துவைத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். காலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அக்கா போன்மேல் போனாக ஆபீஸ் தோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று பார்த்தால், நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா பக்கத்திலேயே நின்று கோகம் என்கிற புளிப்புப் பழத்தின் பானகத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

பிறகு குழுவில் ஒரு செய்தி வந்தது. ஜெபசீலி போட்டிருந்தாள். அவள் பி.டி. டீச்சர், குழுவிலேயே நல்ல கேப்டன். அவள் பின்சீட்டில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி, டெலிபோன் எக்சேஞ்சில் ஓய்வு பெற்றவர், அவருக்கும் கண் தெரியாது. எங்களுக்கு இரண்டு நாள் பின்னால் அதே வழியில் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்கள். "அக்கா, ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு அண்ணாச்சி குதிக்காங்க. நாளைக்கு அம்போளே. கடைசில பிரேக்கை விட்டுட்டுப் பறக்கப்போறோம்."

சைக்கிளுக்குக் காற்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய் ஜெபசீலியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ நீங்க அந்த ரோட்டுல போகவே இல்லியாண்ணே?"

"இல்லம்மா. இறக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீ பாத்து மெதுவா இறங்கிரு. கோமதியக்காவுக்கு இது தெரியாது. அண்ணாச்சிகிட்டயும் சொல்லிராத, உன் மனசோட வச்சுக்க."

"அது எப்படிண்ணே முடியும்? எனக்குத் தெரிஞ்சது அண்ணாச்சிக்குத் தெரியணும்லா. நான் கேப்டன்லா," என்றாள். அதட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கணக்குப் பாடத்தைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கிடுதேன். அதுக்குள்ள அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. அதான் மரியாதை."

சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா வாசலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 20, வெள்ளி

சொல்லவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா," என்றேன். "என்னல?" என்றாள். "தைலம் இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். அதற்குள் அவள் போன் அடித்துவிட்டது.

பேசியது அண்ணாச்சி, ஜெபசீலி சொன்ன கெடு முடிந்துவிட்டது. அக்கா, "சொல்லுங்க அண்ணாச்சி," என்று கலகலப்பாக ஆரம்பித்தாள். அப்புறம், "ம்." அப்புறம் தைலம் தேய்ப்பதை நிறுத்தினாள். "சரி அண்ணாச்சி. நீங்க அங்கயே இருங்க, இறங்காதீங்க," என்று வைத்துவிட்டாள். தைலக் குப்பியின் மூடியைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை, அவளே வேறு பக்கமாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இசக்கிராஜ்," என்றாள். அவள் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு மாடு வந்துட்டுன்னியே. வந்துதா?"

அவள் கடலைப் பற்றிக் கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இல்லக்கா. பள்ளத்துல போயிருப்போம். பிரேக் பிடிக்கல. எனக்குப் பயந்து வந்துட்டு. அதுலேருந்தே பயம்தான்."

"கன்னு?"

"அதுவும் இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பாய் உதறுன மாதிரின்னு சொன்னியே. அதை நான் ஆபீஸ்ல ஒருத்தி விடாம எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன்ல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்கும். போனை வாய்ப்பக்கம் வைத்துக் குழுவுக்குப் பதிவு செய்தாள்.

"நான் கோமதி. அம்போளே இறக்கத்தைப் பத்தி நேத்து நான் சொன்னது தப்பு. நாங்க அந்த ரோட்டுல போகல. சரியா விசாரிக்காம நான்தான் சொல்லிட்டேன். யாரும் அதை நம்பிப் போயிராதீங்க. மன்னிச்சுக்கிடுங்க."

"அக்கா, நான் பண்ணதுன்னு சொல்லுக்கா. எதுக்கு நீ மன்னிப்புக் கேக்க?"

"குரல் என்னோடதுல்லா," என்றாள்.

இரண்டு அறை அறைந்திருக்கலாம். நான் நேற்று இரவெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். காலையில் எழுந்ததும், "டெம்போ பிடி. அம்போளேக்குத் திரும்பிப் போகணும்," என்றாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிரேக் கட்டைகளை மறுபடி புதுசாக மாற்றுகிறேன், இந்தத் தடவை பயப்பட மாட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "ஜெபசீலி என்னை ஓட்டிட்டுப் போவா. நான் பேசிட்டேன்," என்றாள்.

வண்டியில் ஏறக்கூடாது என்று சொன்னவள், டெம்போவின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் நான். இப்போது நாலு பேரும் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம்.

டிசம்பர் 21, சனி

ஜெபசீலி தனியாக நடந்து போய் ரோடு முழுவதையும் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் கிளம்பினோம். எங்கள் சைக்கிளில் ஜெபசீலியும் அக்காவும். அவர்கள் சைக்கிளில் நான். பின்னால் அண்ணாச்சி. என்னோடு வர மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் வந்து சீட்டைத் தடவிப் பார்த்து ஏறிக்கொண்டார்.

"தம்பி, எனக்குக் கடலெல்லாம் வேண்டாம். ரோட்டை மட்டும் சொல்லு," என்றார்.

சொன்னேன். குழி, இடது வளைவு, சரளை, எதிரே பைக், பிரேக். ஏற்றம் முடிந்து விளிம்புக்கு வந்தபோது கடல் திடீரென்று கீழே திறந்தது. நான் மாந்தோப்பில் சொன்ன எதுவும் அங்கே இல்லை. கடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. விரல்களைப் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"சரி. மெதுவா போ. எனக்கும்தான் பயம்," என்றார்.

சொன்னபிறகு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, பயத்தோடேயே இறங்கினேன். முன்னால் ஜெபசீலியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "வலது வளைவு, கூர்மை. மிதிக்காதீங்க. இப்போ மிதிங்க." அக்காவின் முதுகு அந்தக் குரலுக்குத் தகுந்தபடி சாய்ந்து நிமிர்ந்தது. என் பின்னால் இத்தனை வருஷம் அவள் அப்படித்தான் சாய்ந்திருப்பாள். நான் அதைப் பார்த்ததே கிடையாது, முன்சீட்டில் இருப்பவனுக்கு அது தெரியாது.

கடைசி வளைவில் ஜெபசீலி இறங்கி நின்று கையைக் காட்டினாள். நானும் நிறுத்தினேன். ரோடு அங்கே ஊசி மாதிரி மடங்கித் திரும்புகிறது. ஓரத்துச் சுவர் மழையில் இடிந்து போய் வெறும் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"என்ன இருக்கு தம்பி?" என்றார் அண்ணாச்சி.

சுவர் இல்லாததை, கயிற்றை, கீழே உள்ள பாறையை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறங்கி ஊன்றுகோலை விரித்து, தரையைத் தட்டிக்கொண்டே கயிறு வரைக்கும் போனார். கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"பிரேக்கை விட்டுட்டுக் காத்து வாங்கிட்டுப் போகச் சொன்னது இந்த எடத்துலதானா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் கோலை மடக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார். அந்த வளைவை இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு நடந்தே கடந்தோம். நான்தான் அண்ணாச்சியையும் ஜெபசீலியையும் கொன்றிருப்பேன் என்ற நினைப்பு அந்த நடை முழுக்கக் கூடவே வந்தது. இதை எழுதும்போதும் அது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

வளைவைத் தாண்டியதும் ஒரு திட்டு. எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அக்காவின் ஜலதோஷம் விட்டிருந்தது. ஜெபசீலியிடம் ஒவ்வொரு வளைவாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அலங்காரம் எதுவும் வேண்டாம், இருப்பதை மட்டும் சொன்னால் போதும் என்று யோசித்துக் கடலைப் பார்த்தேன்.

"தூரத்துல ஒரே ஒரு படகு போகுதுக்கா," என்றேன்.

அக்கா ஜெபசீலி பக்கம் திரும்பி, "போகுதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, போகுது," என்றாள் ஜெபசீலி.

அதற்குப் பிறகுதான் அக்கா கடல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.